சும்மா இருப்போம் என்று சொன்னவள்

எங்கள் சங்கத்தில் அவளுடைய உண்மையான பெயரைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். சும்மாக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். முதியோர் இல்லங்களில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, புரட்டிப் படுக்க வைக்கிற பெண்களுக்காக நடத்தும் சங்கம் எங்களுடையது. சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. மின்விசிறி போட்டால் காற்று வருவதைவிடக் கீழிருந்து பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனைதான் அதிகம் வரும். அவள்தான் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்."

புதிதாக வந்த ஒருத்தி, "சாமி கும்பிடணுமாக்கா?" என்று கேட்டாள்.

"கும்பிடுறவங்க கும்பிடுங்க. கும்பிடாதவங்க மூச்சு விடுங்க. அதை எப்படியும் விட்டுத்தானே ஆகணும்?"

எங்களோடு ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரும் உறுப்பினர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "மத்த சங்கத்துல கோஷம் போடுறாங்க. நம்ம சங்கத்துல குறட்டை விடச் சொல்றாங்க" என்பார்.

"விடு தம்பி. ரொம்ப சத்தமா விட்டா எழுப்பி விடுறோம்" என்பாள் சும்மாக்கா, கண்ணைத் திறக்காமலே.

நான் அவளைவிட மூத்தவள். இந்த வேலையில் பயிற்சி பெற்றுப் பல காலம் செய்து, உடம்பு முடியாமல் போனதும் நிறுத்தினேன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆளைத் தூக்கவும் திருப்பவும் சொல்லிக்கொடுக்கிறேன். தியானம், ஞானம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் அவள் இந்தப் பழக்கத்தை எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். எந்த மடத்திலிருந்தும் எடுக்கவில்லை.

அதற்கு முன்னால் அவளுக்கு சைரன் என்று பெயர். மைக் இல்லாமலே தெருமுனைவரை கேட்கும். ஒரு இல்லத்தில் கர்ப்பமாக இருந்த பெண்ணைக் கனமான ஆட்களைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனாள். முதலாளியின் மேசையைத் தட்டிப் பேசினாள். அந்த ஆள் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டான். வெளியே வந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு நின்றோம். பிறகுதான் யாருக்கோ அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. தேடிப் போனால் மாடிப்படியில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாந்தி எடுத்துட்டு இங்கயே உட்கார்ந்துட்டேன்கா. என்னைத் தாண்டித்தான் எல்லாரும் மேல போனீங்க. திரும்பவும் தாண்டித்தான் கீழ வந்தீங்க" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

சைரன் அன்று ஓய்ந்தது. அந்தச் சமயத்தில் அவள் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவிக்குக் கடைசி நேரம். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்காரச் சொன்னால், புதிதாக வந்தவர்கள் தலையணையைத் தட்டுவார்கள், போர்வையை இழுத்துவிடுவார்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் தங்கள் பதற்றத்துக்குச் செய்வது. படுத்திருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு எப்படி வருகிறது, முகத்தில் வலி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, வெறுமனே இருக்க வேண்டும். எங்கள் பயிற்சியின் கடைசிப் பாடம் அது. பலருக்குக் கடைசிவரை வராது. அவளுக்கு அந்தக் கிழவியிடம் வந்தது.

"அக்கா, அந்த ரூம்ல உட்கார்ற மாதிரி மேனேஜர் ரூம்லயும் உட்கார முடிஞ்சா எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள்.

"மேனேஜர் என்ன சாகவா கிடக்குறார்?"

"என்னைக்காவது எல்லாரும்தானேக்கா" என்று சொல்லிவிட்டு, துணி அலசப் போய்விட்டாள்.

இதெல்லாம் முன்கதை. அவளை முழுதாகப் பார்த்தது விசில் விஷயத்தில்தான்.

விசில் என்பது ஒரு பராமரிப்பாளரின் பட்டப்பெயர். வேலை செய்யும்போது உதட்டைக் குவித்து ஏதாவது பாட்டை ஊதிக்கொண்டே இருப்பாள். இரண்டு பிள்ளைகள், புருஷன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். பெரிய முதியோர் இல்லம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அவளுக்கு வேலை. அங்கே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். நல்ல கனம். அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். அன்று விசிலும் இன்னொருத்தியும் அவரை எழுப்பிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்திருந்தார்கள். வேறு அறையில் மணி அடித்தது. மாடிக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்று அந்த இன்னொருத்தியை, "நீ வா, அவ பார்த்துப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். நம்மைத் தனியாக விட்டுப் போனால் ஆளைத் திரும்பக் கட்டிலில் சாய்த்துவிட வேண்டும் என்றுதான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் அதற்குள் முன்னால் சரிந்துவிட்டார். விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்தது.

இது விசில் சொன்னது. பெரிய சிஸ்டர், "நான் யாரையும் கூப்பிடல" என்று சொல்லிவிட்டார். கூடப் போனவள் பயந்துபோய் மறுநாளே வேலையை விட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். அவளுடைய போனும் அணைந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு விழுந்ததே நினைவில்லை. விசிலை வேலையிலிருந்து நீக்கி, காரணம் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் அந்த ஒரு சொல் போதும். எந்த இல்லமும் கதவைத் திறக்காது.

சங்கத்தில் கூட்டம் போட்டோம். டிரைவர் எழுந்தார். "பெரிய சிஸ்டர் போட்டோவைப் போட்டு ஒரு போஸ்டர் அடிப்போம். அவங்க வீட்டு வாசல்லயே ஒட்டுவோம். உண்மை தானா வெளிய வரும்."

கைதட்டல். நானும் தட்டினேன்.

"உண்மை வராது. அவங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போகாம நின்னுடும். அதுதான் நடக்கும்" என்றாள் சும்மாக்கா. "அந்தம்மாவும் நம்மகூட பெட்பேன் கழுவினவங்கதான். அப்புறம் படிச்சு சிஸ்டர் ஆனாங்க. பயத்துல பொய் சொல்லியிருக்காங்க. பயந்தவங்களை இன்னும் பயமுறுத்தினா இன்னும் இறுக்கித்தான் பிடிப்பாங்க."

விசில் விருட்டென்று எழுந்தாள். "என் பசங்க மட்டும் ஜோரா ஸ்கூலுக்குப் போறாங்களா? எல்லாரையும் புரிஞ்சுக்கிறீங்க, என்னைத் தவிர. உங்க சும்மா எனக்குச் சோறு போடுமாக்கா?"

சும்மாக்கா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"போடாது" என்றாள் சும்மாக்கா. "போய்க் கேட்டாத்தான் சோறு வரும். நான் வந்து கேட்கிறேன். கிடைக்கிறவரைக்கும் கேட்பேன். ஆனா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனா அந்த சிஸ்டர்தான் என் கண்ணுக்குத் தெரிவாங்க, நீ தெரிய மாட்டடி. ஒரு தடவை அப்படித்தான் ஒருத்தியைத் தாண்டிப் போனேன்."

விசில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள். சமாதானமானதாகத் தெரியவில்லை. கேள்வி நியாயமான கேள்வி.

மேனேஜரைப் பார்க்க நேரம் வாங்கினோம். அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் சும்மாக்கா அந்த இல்லத்தில் வேலை செய்கிற உறுப்பினர்களுக்குப் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். காலையில் டியூட்டி மாறும் நேரத்தில் எல்லோரும் கீழ்க்கூடத்துக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா இருப்போம், பிறகு நானும் விசிலும் மேனேஜரைப் பார்க்கிறோம், மனதில் நீங்களும் கூட வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட யாரோ ஒரு புண்ணியவதி, மற்றவர்களுக்குப் புரியட்டும் என்று சுருக்கித் தட்டச்சு செய்து அனுப்பினாள்.

"நாளை காலை எல்லாரும் சும்மா இருப்போம். இப்படிக்கு, சங்கம்."

சும்மா என்ற சொல் நம் வாயில் படாத பாடு படுகிறது. இலவசமும் சும்மாதான், பொய்க்குச் சொன்னதும் சும்மாதான், காரணமே இல்லாமல் வந்து நின்றாலும் சும்மாதான். தொழிலாளிகள் சும்மா இருப்போம் என்றால் மேனேஜருக்கு ஒரே அர்த்தம். வேலைநிறுத்தம். அந்தச் செய்தி எப்படியோ அவர் கைக்குப் போயிருந்தது. உள்ளே இருப்பவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டு, வந்து உங்கள் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மேனேஜரை மட்டும் சொல்வானேன். எங்கள் ஆட்களில் பாதிப் பேரும் அப்படியே புரிந்துகொண்டு வீட்டில் படுத்துவிட்டார்கள்.

காலையில் நாங்கள் போனபோது கேட் பூட்டியிருந்தது. இரவு டியூட்டி ஆட்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், பகல் டியூட்டிக்கு வந்த மீதிப் பேர் வெளியே நின்றார்கள். மேனேஜர் சட்டையை ஒரு பொத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே நின்றார்.

"யம்மா, ஸ்டிரைக்னா முன்னாடியே சொல்ல வேண்டாமாம்மா? மேல வயசானவங்க இருக்காங்க!"

"யார் சார் ஸ்டிரைக்?" என்றாள் சும்மாக்கா.

"நீங்கதானேம்மா சும்மா இருப்போம்னு..."

"ஐயோ சார், அது இந்த சும்மா இல்ல, அந்த சும்மா!"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சும்மாக்காவைத் தனியே இழுத்தார். "அக்கா, சும்மா கிடைச்ச ஸ்டிரைக். கோட்டை விட்டுடாதீங்க. மத்தியானம்வரைக்கும் இப்படியே நின்னா போதும். அந்தாளே விசிலைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவார்."

அவர் சொன்னது சரி. எனக்கும் அப்படித்தான் பட்டது. மேலே மணிகள் அடிக்க ஆரம்பித்திருந்தன. பார்க்க ஆளில்லாமல் ஒன்று மாற்றி ஒன்று அடித்துக்கொண்டே இருந்தன. சும்மாக்கா அதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு விசிலைப் பார்த்துத் திரும்பினாள்.

"உன் வேலை. நீ சொல்லு. நிப்போமா?"

விசில் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இழுத்து இழுத்து அடிக்குது பாருங்க, அது ஸ்டேஷன் மாஸ்டர் பெல். ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாரா? நனைஞ்சா நனைஞ்சதுன்னு சொல்ல மாட்டார்க்கா. வெட்கம். பெல்லை அடிச்சுட்டு மணி என்னன்னு கேட்பார்." கேட்டைப் பிடித்து உலுக்கினாள். "சார், திறங்க. பேச்சு அப்புறம்."

"நீ வேலையில இல்லையேம்மா."

"சம்பளமா கேட்டேன்? சும்மாதான் சார் வர்றேன்."

மேனேஜர் திறந்தார். சும்மாக்கா படியேறிக்கொண்டே வீட்டில் படுத்துவிட்ட உறுப்பினர்களுக்கெல்லாம் போன் போட்டாள். டிரைவர் முனகிக்கொண்டே அவர்களை அழைத்துவர வண்டியை எடுத்தார்.

நான் விசிலோடு இரண்டாம் மாடிக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் எங்களைப் பார்த்ததும், "மணி என்னம்மா?" என்றார். நான் கால்மாட்டில் விரிப்பை உருவ நின்றேன். தூக்குகிற வயது எனக்கில்லை. இரண்டாவது ஆளாகக் கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றவர் பெரிய சிஸ்டர். அந்த மாடியில் வேறு யாரும் இல்லை.

இருவரும் முகம் பார்க்கவில்லை. அவருக்கு அடியில் போட்டிருந்த தடித்த குறுக்குத் துணியின் ஓரங்களை ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்தார்கள். விசில் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று உடம்பு மெத்தையை விட்டு எழும்புகிற நேரம், பக்கத்து அறையில் மணி அடித்தது.

"நீ பார்த்துக்கோ, நான்..." என்றார் பெரிய சிஸ்டர். தலை வாசல் பக்கம் திரும்பிவிட்டது. கை தளர்ந்தது. துணி அந்தப் பக்கம் சாய்ந்தது.

விசில் காலை அகட்டி ஊன்றினாள். பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அம்மா, யாரு போறதா இருந்தாலும் என்னை இறக்கி வச்சுட்டுப் போங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "சிக்னல் விழாம வண்டியை எடுக்கக் கூடாது."

பெரிய சிஸ்டரின் கை சட்டென்று இறுகியது. தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "மூணு" என்று அவர்தான் சொன்னார். இருவரும் தூக்கிச் சுத்தமான விரிப்பில் இறக்கினார்கள். அதற்குப் பிறகும் துணியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

பார்த்தீர்களா என்று விசில் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவள் பெரியவரின் முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்றை வைத்தாள்.

"இவரைச் சாய்ச்சுட்டேன் சிஸ்டர். இப்ப போங்க, அந்த பெல்லைப் பாருங்க."

வேலை முடிய வெயில் ஏறிவிட்டது. டிரைவர் கொண்டுவந்து இறக்கிய ஆட்களும், பதறி வந்த மகன்களும் மகள்களும், பிளாஸ்கும் பையுமாகக் கீழ்க்கூடத்தில் களைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ஒரு நாற்காலியில் விழுந்திருந்தார்.

"காலையில செய்ய வந்ததைச் செஞ்சுடுறோம் சார்" என்றாள் சும்மாக்கா. "கொஞ்ச நேரந்தான்."

எல்லோரும் அப்படியே இருந்தோம். களைப்பில் பேச யாருக்கும் தெம்பில்லை என்பதும் ஒரு காரணம். லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. எனக்கு முழங்கால் வலித்தது. அந்த அமைதியில் பெரிய சிஸ்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அன்னைக்கு நான்தான் கூப்பிட்டேன். அவளைத் தனியா விட்டுட்டுப் போனது நான்தான்."

டிரைவர் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்காலை அழுத்தினேன். சும்மாக்கா எழுந்து போய்ப் பெரிய சிஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தொடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான். அந்தம்மா அழுது முடிக்கும்வரை இருந்தாள்.

மேனேஜரின் அறைக்கு சும்மாக்கா, விசில், பெரிய சிஸ்டர் மூவரோடு நானும் போனேன். மேனேஜர் முகம் தெளிந்திருந்தது.

"அப்ப விஷயம் முடிஞ்சுது" என்று விசிலைப் பார்த்தார். "உன் பேர்ல எழுதினதை எடுத்துடுறேன். அதை அப்படியே இவங்க பேருக்கு மாத்திடுறேன். நீ நாளைக்கே வேலைக்கு வரலாம்."

விசில் சும்மாக்காவைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காத. நீதான் கஷ்டப்பட்ட. எதைச் சொன்னாலும் நான் உன் பக்கம்" என்றாள் சும்மாக்கா. அந்த வார்த்தையில் சூது ஏதும் இல்லை. விசில் சரி என்று சொல்லியிருந்தாலும் அவள் முகம் சுளித்திருக்க மாட்டாள்.

"ஒரு நிமிஷம் சார்" என்று விசில் கண்ணை மூடினாள். கூட்டங்களில் அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மேனேஜர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அந்த வார்த்தையை யார் பேர்லயும் எழுதாதீங்க சார்" என்றாள் கண்ணைத் திறந்து. "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு அவ்வளவு பெரிய மாடிக்கு நாங்க ரெண்டே பேரு. பெல் அடிச்சா சிஸ்டர் யாரைக் கூப்பிடுவாங்க, உங்களையா? எழுதணும்னா ஆள் பத்தலன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா என் மேலதாம்மா வரும்."

"எங்க மேல வந்தப்ப நாங்க தாங்கலையா? நீங்களும் தாங்குவீங்க."

"தாங்க முடியலன்னா சொல்லுங்க சார். உங்களுக்கும் சங்கம் வரும்" என்றாள் சும்மாக்கா. கிண்டல் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் நிஜமாகவே போய் நின்றிருப்பாள்.

மேனேஜர் அன்று எழுதவில்லை. முதலாளிகளைக் கேட்க வேண்டும், அதுவரைக்கும் விசிலை எடுக்க முடியாது என்றார். நல்லது செய்தால் உடனே பலன் வரும் என்று நினைப்பவர்கள் அடுத்து நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வாரங்கள் போயின. விசில் வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். "உங்களோட சேர்ந்து நல்லவளாகித் தொலைச்சேன்" என்று சும்மாக்காவைப் போனில் திட்டினாள். சும்மாக்கா திட்டை முழுக்கக் கேட்டுக்கொள்வாள். பிறகு விசிலின் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து பாடம் படிக்க உட்கார வைப்பாள். பெரிய சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அந்த மேனேஜரின் அறைக்குப் போனாள். முதலாளிகளிடமும் போனாள். பெரிய சிஸ்டர் நடந்ததை அங்கேயும் ஒளிக்காமல் சொன்னார். சும்மாக்கா ஒருமுறைகூட மேசையைத் தட்டவில்லை என்கிறார்கள். எழுந்தும் போகவில்லையாம், பதில் கிடைக்கும்வரை.

அந்த போன் வந்தபோது நான் சும்மாக்கா வீட்டில்தான் இருந்தேன். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த விசில், அடுப்படியில் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். மேனேஜர் பேசினார். கனமான ஆட்களைத் தூக்க எப்போதும் இரண்டு பேர். பகல் ஷிஃப்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் கூடுதலாக ஒருத்தி. இரவு ஷிஃப்டுக்கு இன்னும் இல்லை, அது பாக்கி. அந்தச் சொல்லை எடுத்தாகிவிட்டது, யார் பேருக்கும் மாற்றவில்லை. மத்தியான ஷிஃப்டுக்கே வரலாம்.

"மனசு மாறிடப் போறாரு, நான் போறேன்" என்று விசில் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். பிள்ளைகளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டாளா என்று நாங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். பிடித்துவிட்டாள்.

சும்மாக்கா பிள்ளைகளுக்குப் பால் வாங்கக் கிளம்பினாள். வாசலில் அவளுடைய செருப்பைக் காணோம். விசிலின் செருப்புதான் கிடந்தது, இரண்டு அளவு சின்னது. அதில் விரலை நுழைத்து, குதிகால் வெளியே தொங்க, கடைவரை நடந்து போனாள்.